முதுகுக்குப் பின்னால் ஒரு வாசல்

தெருவில் எல்லோரும் அவரைப் பட்டாளம் என்றே கூப்பிடுவார்கள். போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பி, அப்பாவின் முடிதிருத்தும் கடையை நடத்துகிறார். கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்னால் யார் வந்தாலும் தெரியும். கடையை விட்டு இறங்கினால்தான் மனிதர் தடுமாறுவார்.

வீட்டில் முன்னறையில் தனியாகப் படுப்பார். ஒருமுறை தூக்கத்தில் மனைவியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்ததும் தலையணையோடு வெளியேறியவர்தான். உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னவரும் அவரே. அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் அவள் எழுந்து உட்காருவாள். கழுத்தைப் பிடித்த அதே கையில் முன்பெல்லாம் தலை வைத்துத் தூங்கியவள்.

"இது பேய் சேட்டைதான்" என்றாள் நாத்தனார். பேயோட்டுகிறவன் கூப்பிட்ட மறுநாளே வீடு தேடி வந்தான். போருக்கு ஆள் பிடித்தவர்களும் வீடு தேடித்தான் வந்தார்கள். மனநல மருத்துவர் மட்டும் படைவீரர் மருத்துவமனையில் மாதம் ஒருநாள் இருப்பார். நாம்தான் போக வேண்டும். அங்கே காத்திருக்கும் அறையில் பெஞ்சுகளை வாசலுக்கு முதுகு காட்டித் தரையோடு பொருத்தியிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நடந்தாலே வியர்த்துப்போகிறவர்களுக்கு! எந்த மேதாவியின் யோசனையோ. பட்டாளம் எழுந்து வெளியே சுவரோரம் நிற்பார். உதவியாளர் ஒரே தடவைதான் கூப்பிடுவார். பெஞ்சில் ஆள் இல்லையென்றால் 'வரவில்லை', அடுத்த மாதம்தான். எத்தனையோ மாதங்கள் இப்படியே போயின.

ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோன மனைவி, கடைக் கதவு படாரென்று அடித்துக்கொண்டதைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை நிறுத்தாமல் வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, கடையில் வாடிக்கையாளருக்குப் பிடரியைக் காட்டும் கைக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

காத்திருக்கும் அறையில் அதை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க, வாசலைப் பாத்துக்கிட்டே உக்காருங்க."

"அடியேய், எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் அழுதப்போ எவன் வந்தான்?"

பக்கத்தில் ஊன்றுகோலோடு இருந்தவர் சிரித்தார். "என்ன மாப்ளே, பொண்ணு பாக்கவா கிளம்பிட்டீங்க?"

"வாசலைப் பாக்கறேன் அண்ணே."

அவர் சிரிப்பு நின்றது. "கொஞ்சம் இப்படித் திருப்புங்க. எனக்கும் தெரியட்டும்."

உதவியாளர் கூப்பிட்டபோது பட்டாளம் பெஞ்சிலேயே இருந்தார். மனைவியும் கூடவே உள்ளே போனாள்.

"என்ன பண்ணுது?" என்றார் மருத்துவர், தலை நிமிராமல்.

பட்டாளம் தன் கைகளைப் பார்த்தார். "இவ பக்கத்துல தூங்கணும் டாக்டர்."

மருத்துவர் நிமிர்ந்தார். "தூங்கலாம். இதுக்கு வைத்தியம் இருக்கு. ஆனா அடிக்கடி வரணும்."

"நீங்க மாசத்துல ஒருநாள்தானே இருக்கீங்க? அடிக்கடி எங்க வர்றது?" என்றாள் அவள். மருத்துவர் அடுத்த மாதத் தேதியைச் சீட்டில் எழுதினார்.

வெளியே கண்ணாடி பெஞ்சில் கைமாறிக்கொண்டிருந்தது. அவள் வாங்கப் போனாள். "இருக்கட்டும் விடு" என்றார் பட்டாளம்.

அன்றும் அவர் தலையணை முன்னறையில்தான் கிடந்தது. "தாழ் போட்டுக்கோ" என்றார். போட்டாள். போட்ட பிறகும் கதவிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.