கல் தெரிந்தால் நிறுத்த வேண்டும்

புரட்டாதி பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை உண்டு. எந்தக் காணித் துண்டில் என்ன போடுவது என்று நானும் என் மனிசனும் குசினி வாசலில் இருந்து பிடிக்கிற சண்டை அது. பள்ளக்காணிக்கு மொட்டைக்கறுப்பன் நெல், அதில் பேச்சில்லை. மழைக்கு முன்னே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். சண்டை எல்லாம் கிணற்றடித் தோட்டத்துக்குத்தான். அவர் மிளகாய் என்பார், நான் வெங்காயம் என்பேன். கடைசியில் என் பேச்சுத்தான் நடக்கும். காணி என் சீதனம் என்பது ஒரு காரணம். விதை வெங்காயம் என் கையில் இருப்பது பெரிய காரணம்.

இந்த முறை சண்டை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் வாசலில் வந்து இருந்தார், நான் தேத்தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு எழும்பிப் போனார். அந்தத் தேத்தண்ணீரும் பவுசர் லொறியில் வந்த தண்ணீரில் போட்டது.

புங்குடுதீவில் மடத்துவெளிப் பக்கம் எங்கள் காணி. நாலு பக்கமும் கடல். எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரித்தான் கிடக்கும். மெல்ல அள்ளுகிறவனுக்கு ஆடை, அவசரப்பட்டவனுக்கு உப்பு. எங்கள் கிணற்றுக்குள் மேற்குப் பக்கச் சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டு நிற்கும். இறைக்கும்போது தண்ணீர் இறங்கி அந்தக் கல்லின் தலை தெரிந்தால் மோட்டரை நிறுத்திவிட வேண்டும். பாத்தி பாதி நனைந்திருந்தாலும் சரி, வெங்காயம் வாடினாலும் சரி, மிச்சம் அடுத்த நாள்தான். அம்மா இருந்தபோதும் அதுதான் சட்டம், பிறகு எனக்கும் அதுதான். அந்தக் கல்லை நம்பித்தான் நான் தோட்டம் செய்தேன்.

வைகாசி வெயிலில் ஒரு பாயகலத்துக்கு மட்டும் வெங்காயம் நட்டு, குடத்தால் ஊற்றிக் காப்பாற்றி, ஆடியில் கிண்டி, பிடி பிடியாகக் கட்டிக் குசினியில் அடுப்புக்கு மேலே கூரை வளையில் தொங்கவிடுவேன். மார்கழியில் தோட்டம் முழுக்க நட அதுதான் விதை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடின காலத்திலும் ஒரு பிடி என்னோடு வந்தது. இருந்த இடங்களில் பிறத்தியார் வளவுகளில் கெஞ்சிக் கேட்டு நட்டிருக்கிறேன். கடையில் விதை வாங்கலாம், ஊரில் எல்லோரும் வாங்குகிறார்கள். எனக்கு அது மனம் வரவில்லை. ஒரு போகம் நடாமல் விட்டால் அந்த விதை அதோடு சரி.

இந்த ஆடியில் கோயில் திருவிழாவுக்கு அண்ணன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தார். கிணறு அவருக்கும் எனக்கும் பாதிப் பாதி. காணி உறுதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவருடைய பங்குக் காணியில் எருக்கலையும் நாயுண்ணியும்தான் நிற்கின்றன, ஆனால் பங்கு பங்குதானே. ஒரு நாள் பின்னேரம் நான் மோட்டரை நிறுத்தியதைக் கண்டு ஏன் என்று கேட்டார். கல்லைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உந்தக் கல்லுக்குப் பயந்தோ இவ்வளவு காலமும் சீவிச்சனீங்கள்?"

இரண்டு நாளில் கல் துளைக்கிற மெசினோடு ஆட்கள் வந்து நின்றார்கள். கிணற்றின் அடியில் துளை போட்டால் தண்ணீர் பொங்குமாம், தன் காணியில் தென்னம்பிள்ளை வைக்கப் போகிறாராம், இனி எனக்கும் கஷ்டமில்லையாம். நான் மறித்தேன். கீழே உப்புக் கிடக்கிறது, குத்த வேண்டாம் என்று சொன்னேன். பக்கத்து வளவில் இப்படிக் குத்தின கிணறு பாழாய்க் கிடப்பதையும் காட்டினேன். அதற்கு அண்ணன் சொன்ன மறுமொழி எனக்குச் சாகும்வரை மறக்காது.

"கிணத்திலை பாதி என்ரை. நான் என்ரை பாதியிலைதான் குத்திறன். உன்ரை பாதியைத் தொடேல்லை."

சொன்னபடியே செய்தார். கிணற்றுக் கட்டுக்கு மேலே கயிறு பிடித்து, நடுவைக் கணக்குப் பார்த்து, தன் பக்கத்தில்தான் குத்துவித்தார். அந்தக் கயிற்றின் ஒரு தலைப்பைப் பிடித்தவர் என் மனிசன். ஏன் பிடித்தீர்கள் என்று பிறகு கேட்டேன். மச்சான் வந்த இடத்தில் முகம் முறிக்க ஏலாது என்றார். அவருக்கு என் அண்ணனின் முகம் முறியக் கூடாது. என் தோட்டம் முறியலாம்.

தண்ணீர் பொங்கியது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கல் மூழ்கியது. அண்ணன் வீடியோ எடுத்து எல்லா நாட்டுச் சொந்தக்காரருக்கும் அனுப்பினார். பெரிய மோட்டர் ஒன்று வாங்கிப் பூட்டி, பிள்ளைகள் குளிக்கத் தொட்டி நிறைத்து, தென்னம்பிள்ளைகளை நட்டு அடியில் குளமாகத் தண்ணீர் விட்டார். நாள் முழுக்க மோட்டர் ஓடியது. கல் ஒரு தடவையாவது தலைகாட்டும் என்று நான் போய்ப் போய்ப் பார்த்தேன். தெரியவேயில்லை. ஊரில் சிலர் என்னிடம் வந்து, நல்ல காலம் உனக்கு இப்படி ஒரு அண்ணன் என்றார்கள்.

அவர் விமானம் ஏறி இரண்டு கிழமையில் தேத்தண்ணீர் கரித்தது. பால் பழுதாக்கும் என்றார் மனிசன். மிளகாய் நாற்றுமேடையில் இலை நுனி கருகினபோதுதான் அவரும் நம்பினார். களிமண்ணும் சீமெந்தும் சாக்கில் கட்டித் துளைக்குள் இறக்கிப் பார்த்தார். அடுத்த நாளும் அதே உப்பு. மாரி மழை வந்தால் மாறும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். மேல் தண்ணீர் மாறும், ஒரு நாள் இறைப்புக்குத்தான் தாங்கும். துளை அங்கேதானே இருக்கிறது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? தென்னம்பிள்ளைகளும் மஞ்சளாகிவிட்டன, அதில் எனக்கு ஒரு சொட்டும் துக்கமில்லை.

அண்ணனுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். கிணறு உப்பாகிவிட்டது, இந்தப் போகம் வெங்காயம் நட ஏலாது என்றேன். நீங்கள்தான் உங்கள் பாதியில் கூட இறைத்திருப்பீர்கள் என்றார். பிறகு, யாரோ வருகிற கிழமை விமானம் ஏறுகிறார்களாம், அவர்களிடம் கொஞ்சம் வெங்காய வடகம் கொடுத்துவிடச் சொன்னார். அங்கே கடையில் வாங்குகிறது வாயில் வைக்க ஏலாதாம்.

போனை வைத்துவிட்டு வளையைப் பார்த்தேன். அத்தனை பிடியும் வரிசையாகத் தொங்கின. பக்கத்தில் வேலணையில் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள ஆட்களுக்கு விதையைக் கொடுத்துவிடச் சொன்னார் மனிசன். என் விதை பிறத்தியார் தோட்டத்தில் முளைக்கிறதைப் போய்ப் பார்த்து நிற்கிற பெருந்தன்மை எனக்கில்லை. கதிரையைப் போட்டு ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்தேன். ஒரு பிடியும் விடவில்லை. உரித்து, அரிந்து, வேப்பம்பூவும் அரைத்த உளுந்தும் சேர்த்துத் தட்டி, புரட்டாதி வெயிலில் பாயில் காயவைத்தேன். விதைநெல்லைக் குற்றித் தின்றவள் என்று ஊரில் பழிப்பதுண்டு. அந்தப் பழியும் எனக்கிருக்கட்டும். அரிகிறபோது கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்றபடியால் மனிசன் ஒன்றும் கேட்கவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் போன் எடுத்தார். அம்மாவின் கைப்பதம் அப்படியே இருக்கிறதாம். எங்கே வாங்கின வெங்காயம் என்று கேட்டார்.

"வாங்கேல்லை அண்ணை. வளையிலை கட்டியிருந்த விதை வெங்காயம். நடத் தண்ணி இல்லை. எல்லாத்தையும் அரிஞ்சு போட்டனான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிஷமாவது அவருக்குப் பேச்சு வராமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"விதையோ?" என்றார் அண்ணன். "அதுதான் இவ்வளவு ருசி."

வருகிற வருசமும் மறக்காமல் போட்டு அனுப்பச் சொன்னார்.