கண்ணுக்குள் ஒரு மலை

யுத்தம் முடிவதற்கு முந்திய வருஷம், கண்டியில் பெரஹெரா திருவிழா நேரம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். டவுனில் ஹார்ட்வெயார் கடை, குண்டசாலையில் மாடி வீடு, எல்லாம் என் கையால் வந்தது. நான் சிங்களம் பேசினால் தமிழன் என்று எவனும் கண்டுபிடிக்க மாட்டான்.

என் மகளுக்கு ஒரு கண்ணில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும் வியாதி. சென்னையில் சொட்டு மருந்து விட்டு, ஊதா வெளிச்சம் பாய்ச்சிச் சிகிச்சை செய்தோம். அது கேட்டதா என்பதைக் கண்ணை மெஷினில் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். "சென்னைப் படத்தையும் கொண்டு வாங்க. புதுசோட வச்சுப் பார்த்தாத்தான் நின்னுருச்சா, கூடுதான்னு தெரியும். கூடினா உடனே திரும்பச் செய்யணும்" என்றார் கண்டி டாக்டர்.

போகும் வழியில் செக்பொயிண்டில் எங்கள் த்ரீவீலை மறித்தார்கள். ஆமிக்காரன் பையிலிருந்து படத்தை உருவினான். மலையின் உயரம் காட்டும் தேசப்படம் மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை வளையங்கள், நடுவில் நிறைய நம்பர்.

"அப்பா, நீங்க பேசாதீங்க, நான் சொல்றேன்" என்றாள் மகள்.

"சும்மா இரு பிள்ள, எனக்குத் தெரியாத சிங்களமா?" என்று இறங்கினேன். சென்னையில் மெஷின்காரப் பையன் அதைக் கண்ணின் 'மேப்' என்றுதான் சொல்லியிருந்தான். நானும் "அஹே சிதியம, மாத்தயா" என்றேன். அஹே என்றால் கண்ணின், சிதியம என்றால் தேசப்படம்.

அவன் முகம் மாறியது. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பேரைப் பார்த்தான். "எந்த மலையோட மேப்? யாருக்குக் கொண்டு போற?"

மகள் தன் கண்ணைக் காட்டினாள். அவன் சிரித்தான். "உன் கண்ணுக்குள்ள மலை இருக்கா, தங்கச்சி?"

இருந்தது. அதுதான் வியாதியே.

பொழுது சாயும்வரை பொலிஸில் உட்கார வைத்து, எங்களை விட்டார்கள்; படத்தை விடவில்லை. சென்னைக்குப் போன் எடுத்தோம். மெஷின் பழுதாகிப் பழையதெல்லாம் அழிந்துவிட்டதாம். கண்டி டாக்டர் புதுப் படம் எடுத்து, இனி இதை வைத்துத்தான் சில மாதம் கழித்து ஒப்பிடலாம் என்றார். அந்த மாதங்களில் கருவிழி இன்னும் மெலிந்தது. சிகிச்சையைத் திரும்பச் செய்தால் விழி தாங்காது என்று கைவிரித்தார்கள். அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

'படம்' என்று சொல்லியிருக்கலாமே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன சொல்லியிருந்தாலும் என் பேரை அவன் வாசித்திருப்பான். பாஷை சுத்தமாக இருந்தால் ஊர் நம்மை நம்பிவிடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு விலையாக என் பிள்ளையின் கண் போனதை மட்டும் இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.