தோசைக்கல்லில் மூன்று சொட்டு

போன வாரம் என் மகன் எளாவூர் சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியோடு விழுந்தான். அவனைவிட வயதில் மூத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அது, ஆசைப்பட்டுத் தேடி வாங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டதாம். முழங்காலிலும் முழங்கையிலும் தோல் போனதோடு தப்பித்தான். "நல்லவேளை, பின்னாடி லாரி எதுவும் வரலம்மா" என்று போனில் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் இன்னும் பதற்றம் அடங்கவில்லை.

ஆனால் அந்த நிமிடம் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "எந்த ஆயில் ஊத்துன?" என்பதுதான்.

"இன்னாம்மா நீ! அடி பட்டுச்சானு கேக்காம ஆயிலக் கேக்குற?"

அவனுக்குத் தெரியாது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு எந்த ஆயில் சரி என்று ஒரு குப்பமே கூடி வாதாடியதை எட்டு வயதில் பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

பழவேற்காட்டை அடுத்து ஏரியோரம் இருக்கும் மீனவர் குப்பம் எங்களுடையது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில்தான் இருந்தார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து தண்ணீர் குடித்துப் பிழைத்தவர். அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைக்கவில்லை. கடலுக்குப் போகாத ஆண்பிள்ளைக்கு எங்கள் குப்பத்தில் காலை வேளையில் எங்கே நிற்பது என்றே தெரியாது. மாமா வலைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பார்.

அப்படி இருந்தவருக்குப் பொன்னேரியில் ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிற வேலை வருவதாக இருந்தது. முதல் பஸ் பொன்னேரி போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். அதற்காக எங்கிருந்தோ ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆமாம், தள்ளிக்கொண்டுதான் வந்தார்.

நைனா, அதாவது என் அப்பா, அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நிபந்தனை போட்டார். "ஞாயித்துக்கெழம பொன்னேரிக்குப் போய்ட்டு வா. வண்டி நிக்காம வந்துச்சுன்னா வேலைக்குப் போ. நின்னுச்சு, மறுநாள் எங்கூட படகுல ஏறு. பேச்சு மாறக் கூடாது." மாமா தலையாட்டினார். அம்மா மட்டும் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வண்டியில் எஞ்சினுக்கென்று தனியாக ஆயில் நிற்காது. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். அதுவும் சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். எங்கள் படகு எஞ்சின்களுக்கும் மண்ணெண்ணெயில் ஆயில் கலந்துதான் ஊற்றுவார்கள். ஆகவே குப்பத்தில் மோட்டார் சைக்கிளே ஓட்டாதவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் நிபுணர்களாக இருந்தார்கள்.

"படகு ஆயிலையே ஊத்துடா," என்றார் நைனா. "நாள் பூரா கடல்ல ஓடுற இஞ்சினுக்கே பத்துது. உன் வண்டி இன்னா கப்பலா?"

சைக்கிள் கடைக்காரர் மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கும் ஆயில்தான் வேண்டும் என்றார். ஒருவர் விளக்கெண்ணெய் என்றார்; பந்தயத்தில் ஓடும் வண்டிகளுக்கு அந்தக் காலத்தில் அதைத்தான் ஊற்றுவார்களாம். எங்கே பந்தயம் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மாமா யாரையும் நம்பவில்லை. அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தபோது தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி நன்றாகக் காயவிட்டார். மூன்று சொட்டு விட்டார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டேன். விளக்கெண்ணெய் நெடுநேரம் அசையாமல் கிடந்து, பிறகு பிசின் மாதிரி இழுத்தது. மோட்டார் சைக்கிள் ஆயில் புகைந்து தீர்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கறை நின்றது. படகு ஆயில் எரிந்த இடம் ஏறக்குறைய சுத்தமாக இருந்தது.

"பாத்தியா?" என்றார் மாமா என்னிடம். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கறை விடாததுதானே நல்லது?

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "இன்னாடா பண்ற அடுப்பாண்ட?"

"டெஸ்ட்டு பண்றேன் அக்கா."

"என் தோசக்கல்லு மேலயா உன் டெஸ்ட்டு? நாளிக்கு உன் வண்டி மேலயே தோச சுட்டுத் துன்னு, போ!"

ஞாயிற்றுக்கிழமை படகு ஆயில் கலந்த பெட்ரோலோடு கிளம்பினோம். என் இடம் முன்னால், டேங்க் மேல். அங்கே உட்கார்ந்தால் உலகம் முழுவதும் நமக்கு முன்னால்தான் வருகிறது. டச்சுக்காரர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் கடக்கும்போது மாமா இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் அவற்றுக்குக் கையாட்டினேன். பொன்னேரி வரை வண்டி நிற்கவில்லை.

திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏரியோரம் வந்ததும் எஞ்சின் சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்றது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகி வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று. மாமாவின் இடது கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு என் வயிற்றைச் சுற்றி இறுக்கியது. மூச்சே நின்றுவிட்டது எனக்கு. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

"வாயத் தொற," என்றார் மாமா. பல்லையெல்லாம் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

எனக்கு வலி இல்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. எஞ்சின் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. என்னதான் ஆகிறதென்று அதன் மேல் துப்பினேன். எச்சில் சுர்ரென்று உருண்டு காணாமல் போயிற்று.

"மாமா, தோசக்கல்லு!" என்று கத்தினேன்.

மாமா வந்து பார்த்தார். அவரும் ஒருமுறை துப்பிப் பார்த்தார். ஆறிய பிறகு வண்டி மறுபடி கிளம்பியது. ஆனால் வாசலில் நைனா கேட்டபோது மாமா மறைக்கவில்லை. "நின்னுச்சு மச்சான்."

மறுநாள் படகில் ஏறினார்.

நைனா ஒன்றும் இரக்கமில்லாதவர் இல்லை. கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வலை வைக்கப் போனார். நானும் அடம் பிடித்து ஏறிக்கொண்டேன். மாமா ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரல்கள் வெளுத்திருந்தன. தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை, எஞ்சினையே பார்த்தார். எஞ்சினின் பின்புறம் ஒரு துளையிலிருந்து எப்போதும் நூல் மாதிரி தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அதில் கை நீட்டுவது எனக்குப் பிடித்த விளையாட்டு. மாமாவும் கையை நீட்டினார். அப்புறம் எஞ்சினின் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையை வைத்தார். சுடவில்லை போலிருக்கிறது, எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏரித் தண்ணிய குடிச்சுக்கினே ஓடுது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நைனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாடா, இஞ்சின் மேல ஆச வந்துடுச்சா? நாளிக்குக் கடலுக்கே போலாமா?"

"இன்னொரு வாட்டி வண்டிய ஓட்டிப் பாக்குறேன் மச்சான். ஒரே ஒரு வாட்டி."

நைனா அவருடைய வெளுத்த விரல்களைப் பார்த்தார். "சரி, ஓட்டு" என்றார்.

மாமா வண்டியின் எஞ்சினைப் பிரித்தார். உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையங்கள் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிளேடால் சுரண்டி எடுத்தார். பிறகு அந்த மோட்டார் சைக்கிள் ஆயிலையே வாங்கி வந்தார், தோசைக்கல்லில் கறை விட்டதை.

"இது அழுக்கு ஆச்சே மாமா?"

"படகு ஆயிலு தண்ணியிலயே கீற இஞ்சினுக்கு. நம்மளுது வெயில்ல ஓடுது. இதுக்கு அந்த அழுக்குதான் வேணும்போல."

"ஏன்?"

"தெர்ல. ஓட்டிப் பாப்போம்."

ஆயிலை வாங்கி வந்தவர், அதைப் படகு ஆயில் இருந்த காலி டப்பாவில் ஊற்றி வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நைனாகிட்ட சொல்லட்டா?" என்றேன்.

"வாணாம். சொன்னா அவருக்குத் தூக்கம் வராது."

ஆயில் மாற்றியதற்கு ஒரு மனிதருக்கு ஏன் தூக்கம் வராமல் போகும் என்று யோசித்து, விடை தெரியாமல் விட்டுவிட்டேன். நானும் அவரும் சேற்றில் விழுந்ததற்கும் நைனா கொடுத்த ஆயிலுக்கும் நடுவே ஒரு கோடு போட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்காமல் போய் நிற்காமல் திரும்பியது. நைனா டப்பாவை எடுத்துக் காட்டி, "நான் சொன்னேன் பாரு, படகு ஆயிலு!" என்று குப்பம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா தலையாட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் இருட்டோடு ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார். அதன் பிறகு அவரை யாரும் படகில் ஏறச் சொல்லவில்லை.

எனக்கு மட்டும்தான் அந்த இரண்டாவது பயணத்தில் மனத்தாங்கல். டேங்க் மேல் ஏறப் போனவளைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். "இனிமே இங்கதான். என் சட்டைய நல்லாப் புடிச்சுக்கோ." எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. எஞ்சின் மேல் துப்பியதற்குத் தண்டனை என்றே நினைத்தேன். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் வழி நெடுகக் கிளட்ச் மேலேயே கிடந்தன. அது ஏதோ ஸ்டைல் என்று எண்ணி, பிறகு என் சைக்கிள் பிரேக்கில் நானும் அப்படியே இரண்டு விரல் வைத்து ஓட்டினேன்.

மகனிடம் ஆயிலுக்கு அடுத்ததாகக் கேட்டது, "கிளட்ச் புடிச்சியா?" என்பது.

"எங்கம்மா புடிக்கிறது! அந்த நேரத்துல கை எங்க போச்சுனே தெரியல."

சக்கரம் இறுகும் அந்த நொடியில் கிளட்சைப் பிடித்துவிட்டால் வண்டி விழாமல் உருண்டு போய் நிற்கும் என்று இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவன் கை எங்கே போயிற்றோ தெரியாது. மாமாவின் கை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். நான் முன்னால் இருக்கும்வரை அது ஒவ்வொரு முறையும் கிளட்சை விட்டு என்னிடம்தான் வரும். அதை அவர் சேற்றில் உட்கார்ந்திருந்தபோதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நானோ அந்த இரண்டாவது பயணத்தில் அவருடைய முதுகைத் தவிர எதையும் பார்க்க முடியாத கோபத்தில், எலும்புக்கூடுகளுக்குக்கூடக் கையாட்டாமல், பொன்னேரி வரை அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்து அழுதுகொண்டு போனேன்.