மரகதம் சிஸ்டர் பொறுமைசாலி அல்ல

செய்தி ஒரு படமாக வந்தது. நான் பாடம் நடத்தும் பள்ளியில் மதிய இடைவேளையில் போனை எடுத்தேன். எங்கள் எல்லையோர ஊர் வாட்ஸாப் குழுவில் மரகதம் சிஸ்டரின் பழைய பாஸ்போர்ட் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே மலையாளத்திலும் தமிழிலும் எழுத்து: ‘பொறுமையின் வடிவமே, கண்ணீர் அஞ்சலி.’ காலையில் நெஞ்சுவலி என்று நல்லேப்பிள்ளி வீட்டிலிருந்து காரில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. மரகதம் சிஸ்டருக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம்? இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். பலருடைய குழந்தைகள் அவர் கையில் பிறந்தவை. பிரசவ அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்காக: பெறுகிறவள் எப்படி இருந்து பெற வேண்டும் என்பதை அவள் சொல்ல வேண்டும். படுத்தோ, ஒருக்களித்தோ, நின்றோ, குந்தியோ, முட்டி போட்டோ. அந்தச் சண்டையில் அவர் தோற்கடிக்கப்பட்டார். தோற்கடித்தவர்களே பொறுமை என்று பேர் வைக்கிறார்கள்.

அன்று எனக்குப் பயமும் வந்தது. என் கணவரின் அண்ணன் மகள் நித்யாவுக்கு அடுத்த மாதம் பிரசவத் தேதி. சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டாலும், வலி எடுத்ததும் கூட வந்து நிற்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பகுதி அரசு ஆஸ்பத்திரியில் இப்போது எல்லோரையும் மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் பிரசவம். சிஸ்டர் இருந்தால் அப்படி நடக்காது என்று நம்பியிருந்தோம். இனி அவளுக்கு யார் பேசுவது?

என் முதல் பிரசவம் டவுனில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. மல்லாக்கப் போட்டு, இரண்டு காலையும் தூக்கித் தாங்கியில் வைத்து, பட்டையால் கட்டினார்கள். ஒவ்வொரு வலிக்கும் என் உடம்பு எழுந்து உட்காரப் பார்த்தது. எழும்போதெல்லாம் ஒரு கை என் தோளை அழுத்திக் கீழே தள்ளியது. “ஒத்துழைக்கலைன்னா உங்க கொழந்தைக்குத்தான் ஆபத்து” என்றது ஒரு குரல். கத்தரி வைத்தார்கள், தையல் போட்டார்கள். வெளியே லட்டு கொடுத்தார்கள். நான் பல வாரம் உட்கார முடியாமல் கிடந்தேன். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் குழந்தையின் எடையைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது முறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே லேபர் ரூம் தலைமை நர்ஸ் மரகதம் சிஸ்டர். பிளட் பிரஷர் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மொதப் பிரசவம் எப்புடிங்க அம்மணி இருந்துச்சு?”

“நல்லபடியா ஆச்சுங்க. பொண்ணு. மூணு கிலோ.”

“கொழந்தையப் பத்தி நான் கேக்கலீங்களே. உங்களுக்கு எப்புடி இருந்துச்சு?”

“கட்டிப் போட்டாங்க” என்றேன். என் கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையைக் கழற்றிவிட்டு, “யாரு?” என்றார். அந்த ஆளின் சட்டையை இப்போதே போய்ப் பிடிப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம். எனக்காக ஒருவர் கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பழைய கட்டடத்து லேபர் ரூமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இடுப்பு உயரத்தில் தொடங்கும் பெரிய ஜன்னல், அதில் கனமான இரும்புக் கம்பிகள். வலி வருகிறவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், தொங்கலாம், இடுப்பை ஆட்டலாம். கீழே ரெக்ஸின் மெத்தை போட்டு வைத்திருந்தார் சிஸ்டர். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர், “நீ கம்பியா, கட்டிலா?” என்று கேட்டுக்கொள்வது அப்படி வந்ததுதான்.

நான் கம்பி. என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. “மொதல் கொழந்தையக் காசைக் கொட்டிப் பெத்தா. இதை நின்னுட்டே பெக்கறாளாமா. அடுத்தது பஸ்ஸுல போயிட்டேவா?” என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். சிஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“ஏனுங்க, உங்க மகனை எப்புடிப் பெத்தீங்க?”

“அது ஊட்டுல. கவுறு புடிச்சுட்டுக் குந்தி.”

“உங்களுக்குக் குந்தலாம், மருமகளுக்கு ஆகாதுங்களா? போயி டீ குடிங்க.”

வலி குறைந்தது என்று சொன்னால் பொய். அதே வலிதான். ஆனால் இந்த முறை நான் அதோடு நகர முடிந்தது. நின்றேன், கம்பியில் தொங்கினேன், கடைசியில் மெத்தையில் முட்டி போட்டுக் கட்டிலின் சட்டத்தைக் கட்டிக்கொண்டேன். சிஸ்டர் எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். “கத்துங்க அம்மணி, இது உங்க பள்ளிக்கூடமில்லை” என்றார். என் மகன் அப்படிப் பிறந்தான்.

அவரைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. அவரும் ஒரு காலத்தில் தப்பாக நடந்துகொண்டார். அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். வாளையார் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முழங்கால் வலிக்காரி. படுத்துக்கொண்டுதான் பெறுவேன் என்றாள். சிஸ்டர் விடவில்லை. எழுந்து நில்லு, முட்டி போடு, அதுதான் நல்லது என்று அவளைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் கத்திவிட்டாள்: “மொதப் பிரசவத்துல படு படுன்னு மெரட்டுனாங்க. நீங்க எந்திரி எந்திரின்னு மெரட்டறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

“செருப்புல அடிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு” என்பார் சிஸ்டர். அந்தப் பெண் மல்லாந்து படுத்தே பெற்றாள், முதுகுக்குத் தலையணை வைத்து, காலைக் கட்டாமல். அதற்குப் பிறகு சிஸ்டர் வேலை செய்யும் விதம் மாறியது. “கேக்கறது லேசுங்க. கேட்டுப்போட்டு வாயை மூடிட்டு நிக்கோணும் பாருங்க, அதுதான் சிரமம்” என்று புதிதாக வருகிற நர்ஸுகளிடம் சொல்வார்.

பிறகு அந்த டாக்டர் வந்தார். பெயர் வேண்டாம். நியாயமாகவே சொல்கிறேன்: மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசவ மேசை தேவைப்படும் பிரசவங்கள் உண்டு. ரத்தம் அதிகம் போனாலோ, குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ சிஸ்டர் ஒரு நொடி வாதாடமாட்டார். அவரே மேசையில் ஏற்றுவார். டாக்டருக்குப் பிரச்சினை அதுவல்ல. ஒரு கோளாறும் இல்லாத பெண்கள் தரையில் பெறுவது அவருக்கு ஆகவில்லை. தான் குனிய முடியாது, இது ஆஸ்பத்திரியா, மாட்டுத் தொழுவமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிஸ்டர் அதற்குச் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது: “டாக்டர் ஒக்கார ஸ்டூல் ஒண்ணு இருக்குது. அந்த ஸ்டூலுக்குத் தோதா அம்மாமாரு படுக்கோணும். இதுக்குப் பேரு சயின்ஸாமா.”

மெமோ வந்தது. மேசையைப் பயன்படுத்தவில்லை என்பது குற்றம். விசாரணை நடந்தது. டாக்டரைக் கேட்டார்கள், மற்ற நர்ஸுகளைக் கேட்டார்கள், அறையைத் துடைக்கிறவரைக்கூடக் கேட்டார்கள். அங்கே பெற்ற பெண்களில் ஒருத்தியைக்கூடக் கூப்பிடவில்லை. நாங்கள் சிலர் வாசலில் போய் நின்றோம். உள்ளே விடவில்லை. முடிவில் மறையூருக்கு ஸ்தலமாற்றம். ஜில்லா விட்டு ஜில்லா, மலைக்கு மேலே. வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அவர் கணவரை யார் பார்ப்பது என்று எவரும் கேட்கவில்லை. “சந்தன மரக் காத்துக்கு அனுப்பறாங்க, உங்களுக்கென்ன பொறாமையா?” என்று எங்களிடம் சிரித்தார். பஸ் ஏறுகிற அன்று சிரிக்கவில்லை.

ஓணம் லீவில் உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போனேன். வெல்லம் காய்ச்சுகிற வாசனை ரோடு வரைக்கும் அடித்தது. கரும்பு வெட்டும் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். பிரசவத்தில் சிக்கல் என்றால் அங்கிருந்து ஜீப்பில் ஏற்றி, மலை வளைவுகளில் மூணாறு பக்கம் கொண்டுபோக வேண்டும்.

“மூத்தவனுக்கு ஜீப்புல என்னை மல்லாக்கப் போட்டுக் கொண்டு போனாகக்கா” என்றாள் பேச்சியம்மாள். “ஒவ்வொரு வளைவுக்கும் பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூச்சு முட்டுது. டிரைவரு, ‘கத்தாத தாயி, எனக்குக் கை நடுங்குது’ங்காரு. ரெண்டாவதுக்கு இந்தக்கா கூட ஏறுச்சு. நீ எப்படி இருந்தா தேவலைன்னு கேட்டுச்சு. சீட்டு முதுகைக் கட்டிப் பிடிச்சு முட்டி போட்டுக்கிட்டே போனேன். வளைவெல்லாம் தெரியவே இல்ல.”

சிஸ்டர் குறுக்கே பேசினார். “மல்லாந்து படுத்தா வயித்துப் பாரம் பூரா உள்ளே ரத்தக்குழாய அமுக்கும். மூச்சு முட்டாம என்ன பண்ணும்? கரும்பு லோடு சரியாம ஏத்தத் தெரியுது இந்த ஊர்ல. பொம்பளைய ஏத்தத்தான் தெரியல.” அங்கேயும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். கணவரின் கடைசி வருஷங்களில் மாதம் இரண்டு முறைதான் பார்க்க முடிந்தது.

அவர் இறந்த அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம். அந்த டாக்டர் இப்போது அங்கே பெரிய பதவியில் இருக்கிறார். அவர்தான் முதலில் பேசினார். “ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவர்” என்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பழைய நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். என்னையும் பேசச் சொன்னார்கள். புதிய கட்டடத்து லேபர் ரூமில் ஏ.சி.க்காக ஜன்னலைக் கண்ணாடியால் அடைத்துவிட்டதை நித்யாவோடு பரிசோதனைக்கு வந்தபோது பார்த்திருந்தேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். சிஸ்டர் ஞாபகமாக அந்த அறையின் சுவரில் ஒரு கைப்பிடி வைத்து, கீழே ஒரு மெத்தை போடுவீர்களா?

“டீச்சரே, இது அனுசோசன யோகம், இரங்கல் கூட்டம்” என்றார் பக்கத்தில் மாலை வைத்திருந்த ஒருவர். “நடக்கிற பரிபாடிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

கடைசியில் காத்திருப்பு ஹாலுக்கு அவர் பெயர் வைப்பதாக முடிவானது. ஆண்கள் உட்கார்ந்து போன் பார்க்கிற ஹாலுக்கு.

நித்யாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வலி எடுத்தது. கூட்டிருப்புக்கு, அதாவது உள்ளே துணைக்கு நிற்க, ஒருத்தரைத்தான் விடுவார்கள். அவள் அம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். நான் போனேன். டியூட்டி நர்ஸ் சின்ன வயது, களைத்த முகம். “மேல ஏறிப் படுங்க” என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

“ஏதாச்சும் பிரச்சினைங்களா?” என்றேன்.

“இல்லை, எல்லாம் நார்மல்தான்.”

“அப்ப அவளைக் கேளுங்க, எப்படி இருந்தா தோதுன்னு.”

“அப்படிக் கேக்கற வழக்கமில்லை டீச்சர்.”

வகுப்பில் குரலை உயர்த்தாதவள் என்று எனக்குப் பெயர். அன்று உயர்த்தினேன். வாசலில் ஒருவர் பெயரில் போர்டு மாட்டிவிட்டு, உள்ளே அவர் சொன்ன எதையும் செய்யமாட்டேன் என்றால் அந்தப் போர்டைக் கழற்றுங்கள் என்றேன். வராந்தாவரை கேட்டிருக்கும். நர்ஸ் கதவைப் பார்த்தார். டாக்டர் இன்னும் வரவில்லை. பிறகு நித்யாவின் பக்கம் திரும்பி, மெதுவாகவே கேட்டார். “எப்படிம்மா உனக்குத் தோது?”

நித்யா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “தெரியலீங்க” என்றாள். “இதுவரைக்கும் என்னைய யாரும் எதுவும் கேட்டதில்லையே.”

பி.காம் படித்தவள். வங்கியில் வேலை பார்க்கிறவள். ஒருக்களிச்சுப் படு என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். நர்ஸும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வலி வந்து போனது. அவள் இறங்கி நின்றாள். பிடிக்க ஒன்றுமில்லாமல் என் தோளைப் பிடித்தாள். குந்திப் பார்த்து, வேண்டாம் என்றாள். நடந்தாள். இன்னும் சில வலிகளுக்குப் பிறகு, தானாகவே மேலே ஏறி, இடது பக்கம் ஒருக்களித்து, மேல் காலை என் கையில் கொடுத்தாள்.

“இப்புடி, சித்தி. இப்புடியே இருக்கட்டும்.”

வந்தது அதே டாக்டர்தான்; வந்ததும் அவளைத் திருப்பிப் போடச் சொன்னார்.

“மாட்டேன்” என்றாள் நித்யா.

அந்தச் சொல்லை அவள் வாயில் அன்றுதான் கேட்டேன். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, நின்றபடியே குனிந்தார். அவரால் குனிய முடிந்தது. பெண் குழந்தை பிறந்தது. கத்தரியும் இல்லை, தையலும் இல்லை.

அந்த அறையில் இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். ஒருவேளை வைக்கவே மாட்டார்கள். மரகதம் சிஸ்டரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவருடைய சண்டையை. உரத்துக் கேட்பதையும், கேட்டபின் பெறுகிறவளுடைய பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்பதையும். கூட்டிருப்புக்கு ஆள் இல்லாத பெண்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன்.