முடி சாமிக்கு, காது மாமனுக்கு

திருமலையில் அக்கா மகனுக்கு முதல் மொட்டை போட்ட அன்று அக்கா இருந்தாள், மாமா இருந்தார், மாமாவின் அம்மா இருந்தார், எங்கள் நைனாவும் அம்மாவும் இருந்தார்கள், பெரியப்பா மகன் இருந்தான். பிச்சாட்டூரிலிருந்து வேன் பிடித்து வந்த பதினெட்டுப் பேரில் ஒருவரும் குறையவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் மட்டும் இல்லை. அது நான். தாய்லாந்தில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். டிப்ளமோ படித்துவிட்டு சென்னைப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அவர்கள் என்னைத் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். நான் விமானம் ஏறியபோது அக்கா மகனுக்கு நாலு மாதம். முதல் மொட்டையும் காதுகுத்தும் ஒத்தைப்படை வயதில்தான் செய்வோம். ஒரு வயதில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. "மூணுல பாத்துக்கலாம். நீ வந்தாத்தான்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அந்த நாட்டில் தென்னை இருந்தது, வாழை இருந்தது, வேம்பு இருந்தது, புளி இருந்தது. ஆனாலும் நம் வீட்டுக்குள்ளேயே யாரோ சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டதைப் போல இருந்தது. புளியம்பழத்தை அட்டைப் பெட்டியில் அடுக்கி ஆப்பிளுக்குப் பக்கத்தில் விற்றார்கள். ஒன்றை உடைத்து வாயில் போட்டேன், பேரீச்சை மாதிரி தித்தித்தது. வேப்பங்கொழுந்தைச் சுட்ட மீனோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். முதல் நாள் கேன்டீனில் நான் கையால் சோறு பிசைந்ததைப் பார்த்து, எதிரே இருந்தவர் தன் ஸ்பூனைத் துடைத்து என்னிடம் நீட்டினார். எனக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர் மனம் நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்டேன். அதோடு கையால் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை, அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு என்றாகிவிட்டது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு பேரன். அக்கா மகன் வயதுதான். நோஞ்சானாகப் பிறந்த பிள்ளை என்று உச்சியில் மட்டும் குடுமி விட்டு வளர்த்தார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவன் படியில் உட்கார்ந்திருப்பான். அவன் தலையில் கை வைத்து, குடுமியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவேன். அந்த அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் தொழிற்சாலையில் சொன்னபோதுதான் என் சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். குழந்தையின் உயிர் உச்சந்தலையில் குடியிருக்கிறது, அன்னியர் கை பட்டால் மிரண்டு ஓடிவிடும். எங்கள் பக்கம் பெரியவர்கள் தலையில் கை வைக்காத பிள்ளை அனாதைப் பிள்ளை. வீட்டுக்குப் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா அதே சிரிப்பைச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அத்தனை நாளும் நான் தப்பாகவே படித்திருந்தேன்.

அதற்குப் பிறகு தொட்டுத் தூக்க ஒரு பிள்ளையும் இல்லை. ஞாயிறு தோறும் அக்கா எஸ்.டி.டி பூத்திலிருந்து பேசுவாள்.

"ரெட்ட ஜடை போட்டுக்கினு திரியறான்டா. பஸ்ல கண்டக்டரு, பாப்பா தள்ளி ஒக்காருங்கறாரு."

"ஒன் மாமியாரு இன்னா சொல்றாங்க?"

"இன்னா சொல்வாங்க? ஏழுமலையான் முடிய இன்னும் எத்தினி வருசம் ஊட்ல வெச்சிருப்ப, அவரு வட்டி வாங்காம வுடமாட்டாருன்றாங்க."

சித்திரைப் பிறப்பை ஒட்டித் தேதி வைத்தோம். அங்கேயும் அதே நாளில்தான் புது வருஷம் என்று தெரிந்தபோது ஊரே பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. தொழிற்சாலைக்கும் விடுமுறை. டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வேலை விசாவில் இருப்பவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வர இமிகிரேஷன் ஆபீசில் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அது இல்லாமல் கிளம்பினால் விசா ரத்து, வேலையும் போச்சு. கிளம்பும் அன்று காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நம் ஊரில் வருஷப் பிறப்பு ஒரு நாள். அதற்கு முந்தின நாள் ஆபீசு திறந்திருக்கும்தானே?

அங்கே அது ஒரு நாள் இல்லை. தெருவுக்கு வந்ததும் முதல் வாளித் தண்ணீர் என் மேல் விழுந்தது. லாரிகளில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் ஊற்றினார்கள். யாரோ ஒரு பெண் என் கன்னத்தில் ஈர மாவைத் தடவி வாழ்த்திவிட்டு ஓடினாள். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால், கதவில் பூட்டு. காவலாளி நாலு விரலைக் காட்டினார். நாலு நாள் கழித்துத்தான் திறப்பார்கள்.

அந்தச் சம்பளத்தில்தான் நைனா கூலிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வேலையை விட்டுவிட்டு ஏற என்னால் முடியவில்லை. விமானம் நான் இல்லாமல் போனது.

மூன்றாம் நாள் காலை மலையிலிருந்து மாமாவின் செல்போனில் அழைப்பு வந்தது. மொட்டை போடும் மண்டபத்தின் சத்தம் முழுவதும் அதில் கேட்டது. "அம்மா, தொரகா கூர்ச்சோண்டி" என்று, சீக்கிரம் உட்காரச் சொல்லி, நாவிதர் தெலுங்கில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"பெரியப்பன் புள்ள கீறான் இல்ல, அவன் மடியில ஒக்கார வெச்சா ஆவாதா? மாமன் மொறதான அவனும்?" இது அக்காவின் மாமியார்.

"ஆவாது அத்த. முடி சாமிக்கு நேந்துக்கினது, நிக்காது. என் மடியிலயே எறங்கட்டும். காது எந்தம்பிக்கு. அவன் வந்தப்பால குத்திக்கலாம்."

"பொம்பள மடியில வெச்சு எறக்குனா, மாமன் செத்துட்டான்னு நெனப்பாங்கடி."

"உயிரோடதான் கீறான். இந்தாங்க, பேசுங்க."

போன் கை மாறியது. பிறகு அந்தம்மாள் குரல் இறங்கி, "நல்லா கீறியாப்பா? சோறு துன்னியா?" என்றார். துன்னேன் அத்தை என்றேன். பின்னால் குழந்தை வீறிட்டான். கத்தி பட்டிருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஊரில் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்து முந்நூறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். தாய்மாமன் என்று என் பெயர் அதில் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டு அனுப்பினார்கள். "சோறு துன்னாச்சு, காது எங்க?" என்று கேட்டவர்களிடம், "அது தாய்லாந்துல கீது" என்று மாமா சொன்னாராம்.

இரண்டு வருடம் கழித்து, ஒப்பந்தம் முடிந்து வந்தேன். பையனுக்கு ஐந்து வயது. மறுபடி பத்திரிகை, பந்தல், அதே முந்நூறு பேர். மடியில் உட்கார வைத்தபோது, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மடியில் இடம் கிடைத்த பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பத்தர் ஊசியை எடுத்தபோதும் என் சட்டையைப் பிடிக்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தான். ஊசி இறங்கியது, அழுதான். எத்தனையோ நாள் மனசுக்குள் தூக்கி வைத்திருந்த பாரம் இப்போது மடியில் இருந்தது. அது என்னை அறியவில்லை.

அழுகை நின்றதும் திரும்பி என் முகத்தைப் பார்த்து, "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டான்.

"போவல" என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. ஆனால் இறங்கியும் போகவில்லை.

சாயங்காலம் பந்தலைப் பிரிக்கும்போது, எனக்காகக் காத்திருந்ததில் கூடுதலாக எவ்வளவு செலவாயிற்று என்று மாமாவைக் கேட்டேன். "அத எதுக்குடா கேக்கற, போய் மூஞ்சி கழுவு" என்று அக்கா அதட்டினாள். மாமா ஒளிக்கத் தெரியாதவர். இரண்டாம் தடவைப் பந்தல், பத்திரிகை, முந்நூறு பேர் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து நானூறு ரூபாய் என்றார்.