தொட்டிக்குள் ஓர் எதிரணி

டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டில் ஆளை முழுதாகக் காட்டும் கண்ணாடி கிடையாது. மேடையேறுபவன் தன் கையசைவைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே, தலவாக்கலையில் நடக்கவிருந்த விவாத இறுதிப் போட்டிக்குத் தங்கையின் மீன்தொட்டி முன் நின்று பயிற்சி செய்தேன். குளிருக்காக மூன்று பக்கமும் கம்பளி சுற்றப்பட்டிருந்ததால், அதன் முன்கண்ணாடி என்னை இடுப்புவரை எடுப்பாகக் காட்டியது.

உள்ளே ஒரு சோடி ஃபயர்மவுத் சிக்லிட் மீன்கள். நீலம் கலந்த சாம்பல் உடல். தொண்டையிலிருந்து வயிறுவரை அடுப்புத் தணலின் சிவப்பு. தட்டைக் கல்லொன்றில் முட்டையிட்டுக் காவல் இருந்தன. முன்பு இருமுறை இட்ட முட்டைகளை, ஏதோ சத்தத்தில் மிரண்டு, அவையே தின்றுவிட்டன. இம்முறையாவது குஞ்சு பார்த்துவிட வேண்டும் என்று தங்கை தொட்டியருகே அமர்ந்தே சோறு உண்டாள்.

மனிதனை உயர்த்துவது பேச்சே என்பது என் அணியின் கட்சி. "நடுவர் அவர்களே!" என்று சுட்டுவிரலை உயர்த்தினேன். ஆண் மீன் பாய்ந்து வந்தது. செவுள்களை விரித்து, சிவந்த தொண்டையை உப்பவைத்து, என் விரலுக்கு நேரே நின்றது. எந்த எதிரணித் தலைவரும் என்முன் அவ்வளவு உறுதியாக நின்றதில்லை. விட்டுக்கொடுக்க மனமின்றி இரண்டாம் வாதத்தை இன்னும் ஓங்கி முழங்கினேன். மீன் கண்ணாடியை முட்டியது.

"அண்ணே, கைய கீழ போடுங்க! சண்டைக்கு வந்துட்டீங்கன்னு நெனக்கிது. பயந்துச்சின்னா முட்டைய முழுங்கிரும்!" என்று தங்கை அலறினாள்.

"பயமா? அதுதான் என்னைய மிரட்டுது புள்ள!"

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "ஒங்க ரெண்டு பேருல ஒரு ஆளு பேசாம இருக்கணும். மீனு பேசாமத்தான் இருக்கு, சத்தம் போடுறது நீதான்" என்று தீர்ப்பளித்து, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தொட்டிக்குத் திரையாகத் தொங்கவிட்டார்.

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. எஞ்சிய நாட்களில் லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளிடம் உரையாற்றினேன். அவை கண்ணியமான சபைதான். ஆனால் மீனிடம் கற்றதே என் உடலில் தங்கிவிட்டிருந்தது. இறுதிப் போட்டியில் எதிரணிப் பெண் என்னை நோக்கி விரலை உயர்த்தியதும், பதில் வருவதற்கு முன்னே என் கன்னங்கள் இரண்டும் தாமாக உப்பின. அரங்கு சிரித்து அடங்குவதற்குள் எனக்குரிய நேரம் முடிந்துபோயிற்று. கோப்பை அவர்களுக்குப் போனது.

வீடு வந்ததும் தங்கை வாசலிலேயே கத்தினாள்: "அண்ணே, ஜெயிச்சாச்சு!"

"யாரு?"

அவள் படங்கின் ஓரத்தைத் தூக்கினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். கடுகளவு குஞ்சுகள் திரளாக நீந்திக்கொண்டிருந்தன. ஆண் மீன் என்னை அடையாளம் கண்டு செவுளை விரித்தது. சபை முழுவதும் அதன் பின்னால் நின்றது.