பவளப் பொத்தான்கள்

அந்தப் பவளத்தைப் பொறுக்கியவள் நான்தான்! மல்லிகா அல்ல. கணவரிடமும் மகளிடமும் சொல்லாததை முதன்முதலாக உங்களிடம் சொல்கிறேன்.

நான் போர்ட் பிளேரில் பள்ளி ஆசிரியை. கரையில் கிடக்கும் பவளத்தை எடுப்பது குற்றம் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். ஊருக்குத்தான் உபதேசம்!

மகள் நிலாவுக்கு டேராடூனில் கல்லூரி இடம் கிடைத்தது. எங்கள் தீவில் குளிர்காலமே கிடையாது. குளிர் எப்படியிருக்கும் என்று தெரியாத பயத்தில், பழைய பருத்திச் சேலைகளுக்கு நடுவே பஞ்சு வைத்து நானே ஒரு கோட்டு தைத்தேன். கடல் நீர் வற்றும் வேளையில் தெரியும் பவளத்திட்டின் வடிவை அதில் நூலால் இழைத்தேன். அந்த நெளிவுகளே பஞ்சைப் பிடித்து நிறுத்தும் தையல்கள்.

"மெத்தையையே தைச்சு மாட்டிவிட்டுட்டியேம்மா!" என்று நிலா சிரித்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? பொத்தானுக்கு உண்மையான பவளமே வேண்டும் என்று ஆசை... செத்து ஒதுங்கிய துண்டுகள்தானே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லி, துணி சுற்றித் தைத்தேன். அதைப் பார்த்தவள் எங்களோடு வசிக்கும் நாத்தனார் மல்லிகா மட்டுமே.

"வேணாம் அண்ணி, ஏர்போர்ட்ல புடிச்சிருவாங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

நிலாவைச் சேர்த்துவிட மல்லிகாவும் என்னோடு புறப்பட்டாள்; கணவர் வீட்டிலேயே இருந்தார். தீவிலேயே பிறந்தவள், மெயின்லேண்டைக் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பயணத்துக்கென்றே புதுச் செருப்பு வாங்கியிருந்தாள்.

விமான நிலையச் சோதனையில் கோட்டைத் தனியே எடுத்து வைத்தார்கள். காவலர் ஒரு பொத்தானின் துணியைக் கத்தரித்தார். உள்ளே வெள்ளையாகப் பவளம்!

"யே கோட் கிஸ்கா ஹை?" கோட்டு யாருடையது என்று கேட்டார்.

நான் நிலாவைப் பார்த்தேன். வேலை போய்விடுமே... மகளின் இடம் போய்விடுமே...

"மேரா ஹை சாப். பட்டன் மைனே லகாயா" என்று, கோட்டும் தன்னுடையது, பொத்தான் தைத்ததும் தான்தான் எனச் சொல்லி மல்லிகா முன்னால் வந்தாள். பிறகு என்னிடம், "நீங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்க அண்ணி" என்றாள்.

நான் போனேன்! பொத்தானெல்லாம் அறுத்த கோட்டோடும் மகளோடும். மல்லிகாவை விசாரணைக்கு நிறுத்திக்கொண்டார்கள்.

அதைவிடக் கேவலம் கேளுங்கள். நான் ஊர் திரும்பியபோது என் கணவர் தங்கையைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மல்லிகா" என்றேன். சொன்ன வாய் இதே வாய்!

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "தப்புதான் அண்ணி" என்றாள்.

அதன்பின் அவளை எங்கும் அழைத்துப்போக என் கணவர் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நிலா படித்து முடித்து அங்கேயே வேலையில் இருக்கிறாள். குளிர்காலம் வந்தால் அந்தக் கோட்டோடு படம் அனுப்புவாள். பார்க்கும்போதெல்லாம் மல்லிகாவை நோக்கிக் கைகூப்பத் தோன்றும். பெற்றவள் நான், படிப்பைக் கொடுத்தவள் அவள். என் வேலை, என் மரியாதை, நான் உண்ணும் சோறு எல்லாம் அவள் தந்தவை. இந்தப் பிறவியில் அவளைவிட நல்லவள் ஒருத்தியை நான் கண்டதில்லை! நன்றி நெஞ்சு முட்ட இருக்கிறது... அப்படியானால் ஏன் பேசவில்லை? நன்றியுள்ளவள் இப்படி வாய்மூடி இருப்பாளா?

போன வாரம் நிலா விடுமுறைக்கு வந்தாள். சாப்பிடும்போது, "அத்தை, இந்தத் தடவ என்கூட வாங்க. பவளம் கிவளம் எடுத்து வெச்சிராதீங்க, சரியா?" என்று கேலி செய்தாள். என் கணவர் சிரித்தார். மல்லிகாவும் சிரித்தாள்.

"நிலா, அன்னைக்கு..." என்று தொடங்கினேன்.

மல்லிகா என் தட்டில் ஒரு மீன் துண்டை வைத்தாள்.

"ஆறிப்போகுது, சாப்பிடுங்க அண்ணி."

நான் சாப்பிட்டேன்.